மணிமுத்தாற்றில் ஒரு மரகதச் சிறகு

நம் பங்கின் பீடச் சிறுவர்களையும் பாடற் குழுவினரையும் ஆண்டுக்கொருமுறை இன்பச் சுற்றுலாவுக்கு அழைத்துச் செல்வது நெடுநாளைய வழக்கம். வேளாங்கண்ணிக்கும் கன்னியாகுமரிக்கும் பலமுறை சென்றுவிட்டமையால், 2019-ஆம் ஆண்டு பொங்கல் விடுமுறைக்கு வேறு இடம் வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டனர். மணிமுத்தாற்று அருவிக்குச் செல்வோம் என்று கூறினோம். அருவியில் ஆசைதீரக் குளிக்கலாம் என்று அவர்கள் மகிழ்ந்தனர். நாம் அவ்விடத்தைத் தேர்ந்ததற்குக் காரணம் வேறு.

நம் பங்கு தாமிரபரணியின் கடைசி அணைக்கட்டாகிய திருவைகுண்டத்தின் பாசனத்தில் அமைந்துள்ளது. நம் குழாய்களில் வருவதும், நம் வாழைகளுக்குப் பாய்வதும் அந்த ஆற்று நீரே. பொதிகையில் பிறந்து, ஏறத்தாழ 128 கிலோமீட்டர் நடந்து, எட்டு அணைக்கட்டுகளைக் கடந்து, புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் ஆறு அது. அதன் கால்மாட்டில் பிறந்து வளர்ந்த நம் பிள்ளைகளுள் ஒருவரேனும் அதன் தலைமாட்டைப் பார்த்ததில்லை. உண்மையைச் சொன்னால், அம்மண்ணிலேயே பணியாற்றி வந்த நாமும் அதுவரை சரியாகப் பார்த்ததில்லை.

அதிகாலைத் திருப்பலி முடிந்ததும் புறப்பட்டோம். திருநெல்வேலியைத் தாண்டி மேற்கே செல்லும் சாலையில் ஆறு வலப்புறமாகக் கூடவே வருகிறது; கண்ணுக்குத் தெரியாத இடங்களிலும் நெல்வயல்களின் பச்சை அது இருக்கும் திசையைக் காட்டிவிடுகிறது. பத்தமடையில் தேநீருக்காக வண்டி நின்றது. ஆற்றங்கரைக் கோரையை ஓடுநீரில் ஊறவைத்து, நார்நாராகக் கிழித்து, பட்டுத்துணிபோல் மடிக்கக்கூடிய பாய் நெய்யும் ஊர் அது. நீர் ஓடாவிட்டால் அந்தப் பாயும் இல்லை. சேரன்மாதேவி, வீரவநல்லூர், கல்லிடைக்குறிச்சி என்று ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துபோயின. கல்லிடைக்குறிச்சியில் அப்பளம் வாங்க வேண்டுமென்று பாடற் குழுப் பெண்கள் பிடிவாதம் பிடித்ததில் அரைமணி நேரம் கழிந்தது.

மணிமுத்தாறு தாமிரபரணியில் வந்து சேரும் துணையாறு. 1958-ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட அணை அதன் குறுக்கே நிற்கிறது. 'மணிமுத்தாறு 118 அடி' என்று நாளிதழ்களின் நீர்மட்டக் கட்டத்தில் நாம் நாள்தோறும் படிக்கும் அணை அதுதான். அணையைத் தாண்டினால் வனத்துறையின் சோதனைச் சாவடி. அதற்கு அப்பால் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். முண்டந்துறை 1962-லும் களக்காடு 1976-லும் சரணாலயங்கள் ஆயின. 1988-இல் இரண்டும் ஒன்றாகித் தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகமாயிற்று. சாவடியில் பைகளைத் திறந்து பார்த்தார்கள். மதுப்புட்டி இல்லை, தீப்பெட்டி இல்லை என்று கண்டு அனுப்பினார்கள். நம் பைகளில் இருந்தவை சோப்பும் ஷாம்புவுமே. பங்கில் மளிகைக் கடை வைத்திருக்கும் நல்லவர் ஒருவர், "பிள்ளைகள் நல்லாக் குளிச்சு வரட்டும், சாமி" என்று ஷாம்புப் பொட்டலங்களை ஒரு சரமாகக் கொடுத்தனுப்பியிருந்தார். அதைத் தோளில் மாலைபோல் போட்டுக்கொண்டு இறங்கியது நாமே. பிள்ளைக்கு ஒன்றாகக் கிழித்துக் கொடுத்ததும் நம் கையே.

அருவியின் அழகை வருணிக்கப் போவதில்லை. அதனினும் உயரமான அருவிகளை நம் வாசகர்கள் குற்றாலத்திலேயே கண்டிருப்பர். பாறையிலிருந்து சரிந்து விழும் நீர், கீழே அகன்ற குளம்போல் தேங்கிப் பின்னர் கற்களிடையே ஓடுகிறது. அரைமணி நேரத்திற்குள் அந்நீரின் மேல் வெண்ணுரை மிதந்தது. வெயில் பட்டபோது ஒவ்வொரு குமிழியிலும் பச்சையும் ஊதாவும் பொன்னிறமும் சுழன்றன. "வானவில், சாமி!" என்று ஒரு சிறுமி கூவினாள். நாமும் கரையில் நின்று இரசித்தோம் என்பதை மறைக்காமல் எழுதிவிடுகிறோம்.

பிள்ளைகளுள் மிகச் சிறியவன் ஒருவன், வயது பதினொன்று, முதல்நாள் காய்ச்சலில் கிடந்தவன். அவனை நீரில் இறங்க விடவில்லை. அவன் கோபத்தோடு சற்றுத் தள்ளிப் போய், காட்டுக்குள்ளிருந்து வந்து ஆற்றில் சேரும் ஒரு சிற்றோடையின் கரைப் பாறையில் அமர்ந்திருந்தான். திடீரென அவனுடைய குரல் கேட்டது: "சாமி, இங்க வாங்க! பச்சை பல்ப் எரிஞ்சு எரிஞ்சு அணையுது!"

காய்ச்சல் திரும்பிவிட்டதோ என்று அஞ்சியே ஓடினோம். அவன் காட்டிய இடத்தில் நாவல் மரத்தின் வேர்கள் ஓடைக்குள் இறங்கியிருந்தன. நடு ஓடையில் ஒரு கல். கல்லின் மேல் கறுத்த குச்சி ஒன்று. அவ்வளவே தெரிந்தது. பின்பு அக்குச்சி எழுந்தது. எழுந்த கணத்தில் அதன் பின்சிறகுகள் விரிய, நிழலடர்ந்த அவ்விடத்தில் மரகதம் ஒன்று பற்றிக்கொண்டதுபோல் பச்சை ஒளி வீசிற்று. ஓடையின் மேல் ஒரு முழ உயரத்தில் பறந்து, திரும்பி வந்து, அதே கல்லில் அமர்ந்து சிறகை மூடியது. ஒளி அணைந்தது. மீண்டும் கறுத்த குச்சி.

நம்மோடு வந்த வேட்டைத் தடுப்புக் காவலர், காணிக் குடியைச் சேர்ந்தவர், நம் வியப்பைக் கண்டு சிரித்தார். "ஊசித்தட்டான்தான், சாமி. இந்த மாதிரி ஓடையில எப்பவும் கெடக்கும்." அப்படியானால் பிள்ளைகள் குளிக்கும் இடத்தில் ஏன் ஒன்றுகூட இல்லை என்று கேட்டோம். அவர் உடனே விடை சொல்லவில்லை. நம் தோளில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்த பொட்டலச் சரத்தைப் பார்த்தார். பின்பு தாழ்ந்த குரலில், "நுரை போற எடத்துக்கு அது வராது, சாமி. முந்தியெல்லாம் அங்கயும் இருந்துச்சு" என்றார்.

அவ்வளவுதான் அவர் சொன்னது. மரியாதை தெரிந்த மனிதர். நாம்தான் அச்சரத்தைத் தோளிலிருந்து எடுத்து எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றோம்.

குருமடத்தில் நமக்குத் தத்துவமும் இறையியலும் திருச்சபைச் சட்டமும் கற்பித்தார்கள், இலத்தீனையும் விட்டுவைக்கவில்லை. பூச்சிகளைப் பற்றி எவரும் கற்பிக்கவில்லை. ஆகவே ஊர் திரும்பியதும், நம்மோடு குருமடத்தில் பயின்று பின்னர் கல்லூரியில் விலங்கியல் கற்பித்த நண்பர் ஒருவருக்குக் கடிதம் எழுதினோம். கண்டதை விவரித்து, சிறுவன் சொன்ன 'பச்சை பல்ப்'பையும் சேர்த்தே எழுதினோம். அவர் நான்கு பக்கத்தில் விடை அனுப்பினார். பின்வருவனவற்றுள் பெரும்பகுதி அவர் தயவால் நாம் கற்றவையே.

தட்டானை அறியாத தமிழ்க் குழந்தை இல்லை. அது தாழப் பறந்தால் மழை வரும் என்று பெரியோர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அதன் வாலில் நூல் கட்டிச் சிறு கல்லைத் தூக்கவைத்த பாவமும் நம்முள் பலருக்கு உண்டு. பழைய இலக்கியத்தில் 'தும்பி' என்பது வண்டினத்தைக் குறிக்க, இன்று சிலர் தட்டானையே தும்பி என்பர். அந்த வழக்கை இங்கே தீர்க்க வேண்டியதில்லை. ஊசித்தட்டான் என்பது தட்டானுக்குத் தம்பி முறை. தட்டான் அமரும்போது சிறகுகளை இருபுறமும் விரித்துவைக்கும். ஊசித்தட்டான் பெரும்பாலும் முதுகின்மேல் கைகூப்பியதுபோல் சேர்த்துவைக்கும். தட்டானின் பெருங்கண்கள் பெரும்பாலானவற்றில் உச்சியில் ஒட்டியிருக்கும். ஊசித்தட்டானுக்கு இரு கண்களும் தலையின் இரு ஓரங்களில் விலகி நிற்கும். உடல் ஊசிபோல் மெலிந்தது. பெயருக்கு அதுவே காரணம்.

நாம் கண்ட இனத்திற்கு அறிவியலார் வழங்கும் பெயர் நியூரோபேசிஸ் சைனென்சிஸ். 1758-ஆம் ஆண்டில் லின்னேயஸ் என்ற சுவீடன் நாட்டு அறிஞர் அதற்குச் சீனத்தின் பெயரைச் சூட்டினார். ஆயினும் அது நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து கீழ்த்திசை நாடுகள் பலவற்றிலும் பரவி வாழ்வது. ஆங்கிலத்தில் அதனை 'ஸ்டிரீம் குளோரி' என்பர். ஓடையின் மகிமை என்று நாம் சொல்லிக்கொள்ளலாம். நம் நாட்டுத் தட்டான்களைப் பற்றி 1933 முதல் 1936 வரை மூன்று தொகுதிகள் எழுதி வெளியிட்ட ஃபிரேசர் என்பவர் பூச்சியியல் பேராசிரியர் அல்லர், இராணுவ மருத்துவர். பணியிடங்கள் மாறிய போதெல்லாம் அங்கங்கே ஓடைகளைத் தேடிச் சென்றவர். மாறுதல் ஆணையைக் கண்டாலே மனம் சோரும் நம் போன்றோருக்கு அவரிடம் கற்க வேண்டியது ஏதோ இருக்கிறது.

நண்பரின் கடிதத்தில் நம்மைப் பெரிதும் தடுமாறச் செய்தது ஒரு செய்தி. அந்தப் பின்சிறகில் பச்சைச் சாயம் என்று எதுவுமே இல்லையாம்! சிறகின் பரப்பில் மிக நுண்ணிய படலங்கள் அடுக்கடுக்காக அமைந்திருக்கின்றன. அவற்றில் பட்டுத் திரும்பும் ஒளியலைகள் ஒன்றோடொன்று சேரும்போது பச்சை மட்டும் வலுத்து நம் கண்ணுக்கு வருகிறது. 2004-ஆம் ஆண்டில் ஆய்வாளர்கள் இதனை நுண்ணோக்கியில் அளந்து காட்டினர். சிறகின் கீழ்ப்பக்கம் கருஞ்செம்பு நிறமாதலால், மூடினால் குச்சி, விரித்தால் மரகதம். ஆண் பூச்சி தன் எல்லையைக் காக்கவும் பெண்ணை அழைக்கவும் இவ்வொளியைக் காட்டுகிறது. "சோப்புக் குமிழியில் வானவில் தோன்றுவதும் இதே தத்துவத்தால்தான்" என்று நண்பர் அடியில் ஒரு வரி சேர்த்திருந்தார். அன்று அருவிக்கரையில் நாம் என்ன செய்தோம் என்பதை அவருக்கு நாம் எழுதவில்லை. அவர் தற்செயலாக எழுதிய வரி அது. அதை வாசித்துவிட்டு நெடுநேரம் அமர்ந்திருந்தோம்.

பெண் பூச்சிக்கு இந்த மரகதம் இல்லை. அதன் சிறகு தேன் நிறம், ஓரத்தில் வெண்புள்ளி. அன்று வேரின்மேல் அமர்ந்திருந்த ஒன்றை வேறு இனம் என்றே எண்ணினோம். அழகில் அடக்கமான அதற்குத்தான் கடினமான வேலை. நீரில் அமிழ்ந்திருக்கும் வேரையோ செடியின் தண்டையோ பற்றிக்கொண்டு, வால்நுனியில் உள்ள கத்தி போன்ற உறுப்பால் கீறி, கீறலுக்குள் முட்டைகளை ஒவ்வொன்றாக வைக்கிறது. சிலவேளை முழு உடலோடும் நீருக்குள்ளேயே இறங்கிவிடுவதுண்டு.

முட்டையிலிருந்து வெளிவருவது பறக்கும் பூச்சி அன்று. ஓடையின் அடியில், வேர்களிடையே, உதிர்ந்த இலைகளிடையே ஊர்ந்து திரியும் மண்நிற உயிர் அது. நாம் காணும் சிறகு வாழ்வு சில வாரங்களே. நீருக்கடியில் கழியும் இளமையோ அதனினும் பன்மடங்கு நீண்டது. மடித்து வைத்த கை போன்ற கீழுதட்டைச் சட்டென நீட்டி, கொசுப் புழுக்களையும் பிற சிற்றுயிர்களையும் பற்றி உண்கிறது. பலமுறை சட்டை உரித்து வளர்கிறது. கடைசியாக ஒருநாள் கல்லிலோ வேரிலோ ஏறி, முதுகு வெடிக்க, பழைய உடலை அங்கேயே விட்டுவிட்டுச் சிறகோடு வெளியே வருகிறது. உலர்ந்த அந்தக் கூட்டை ஓடைக்கரைக் கற்களில் தேடினால் காணலாம். கையில் எடுத்தால் தாளைவிட இலேசாக இருக்கும்.

நீருக்குள் அது எப்படி மூச்சு விடுகிறது என்பதில்தான் நம் கதையின் முடிச்சு இருக்கிறது. வாலின் நுனியில் மூன்று இதழ்கள் உண்டு. அவற்றாலும் மெல்லிய தோலாலும் நீரில் கரைந்துள்ள உயிர்வளியை எடுத்துக்கொள்கிறது. கற்களில் மோதி நுரைத்து ஓடும் குளிர்ந்த நீரில் உயிர்வளி மிகுதி. மரநிழல் அந்நீரைக் குளிர்ச்சியாக வைத்திருக்கிறது. ஆகவே இப்பூச்சிக்கு மூன்றும் வேண்டும்: ஓட்டம், நிழல், தூய்மை. சோப்பும் ஷாம்புவும் கலந்த நீர் இத்தகைய உயிர்களின் மூச்சுறுப்புகளைக் கெடுக்கிறது. நீரின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு தோல்போல் இழுபட்டு நிற்கும் தன்மையையும் அது குலைக்கிறது. அதனால் நீர்மேல் நடக்கும் நீள்காற் பூச்சிகள் நிற்க இடமின்றி அமிழ்கின்றன. அழுக்கும் உணவுக் கழிவும் சேர்ந்தால் கற்களின்மேல் வழுக்கும் பாசி படர்கிறது. நாம் மேலே நின்று நுரையின் வானவில்லை இரசிக்கும்போது கீழே நடப்பது இதுவே.

ஊசித்தட்டான் எல்லாம் இப்படி என்று எண்ணவேண்டா. நம் பங்கின் குளத்தில், அமலை படர்ந்த நீரில், மஞ்சள் வாலுடைய சிறு ஊசித்தட்டான்கள் ஏராளம். சாக்கடை ஓரத்திலும் வாழ்ந்துவிடும் கெட்டிக்கார இனங்களும் உண்டு. பச்சைச் சிறகியோ அப்படி ஒத்துப்போகாது. அது அரிய உயிர் அன்று. உலகில் அழிந்துவரும் இனங்களின் பட்டியலிலும் அது இல்லை. தூய ஓடை இருக்கும் மலையெங்கும் அது இருக்கும். அதனாலேயே அது இருக்க வேண்டிய ஓர் ஓடையில் அது இல்லாதபோது, அந்த நீருக்கு ஏதோ நேர்ந்துவிட்டது என்று ஐயுற இடமுண்டு. ஆய்வுக்கூடம் வைத்து நீரைச் சோதிக்க நம்மால் இயலாது. கல்லின்மேல் ஒரு பச்சை ஒளி தெரிகிறதா என்று ஒரு சிறுவனாலும் பார்க்க இயலும்.

அன்று நாம் செய்ததையும் சொல்லிவிட வேண்டும். பிள்ளைகளைக் கரையேற்றி, காவலர் சொன்னதைச் சொன்னோம். பாடற் குழுவில் மூத்த ஒருவர், "நாம ஒருத்தர் மட்டுமா சாமி போடுறோம்? வர்ற எல்லாரும்தான் போடுறாங்க" என்றார். அது உண்மைதான். அதற்கு நம்மிடம் விடை இல்லை. பிள்ளைகள் கற்களிடையே குனிந்து குனிந்து பொட்டலங்களைப் பொறுக்கினார்கள். நம்முடையவற்றோடு பிறர் விட்டுச்சென்றவையும் சேர்ந்து, அப்பளம் வாங்கிய பை நிரம்பிற்று. பொறுக்கிய பொட்டலத்தை எண்ணலாம். நீரில் கரைந்ததை என்ன செய்வது?

மளிகைக் கடை அன்பரிடம் இதைச் சொல்லத் தயங்கினோம். அவர் கொடுத்தது அன்பினால். ஒரு மாதம் கழித்துத்தான் சொன்னோம். அவர் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அடுத்த தடவ சீயக்காய் தரட்டுமா, சாமி?" என்று கேட்டார். ஓடும் நீரில் அதுவும் வேண்டா என்று சொல்ல வேண்டியதாயிற்று. அவருக்கு அது வருத்தமே. எண்ணெயும் சீயக்காயும் தேய்த்து ஆற்றில் முங்கி எழுவது நம் முன்னோர் கண்ட இன்பம். அதைக் குற்றம் என்று சொல்ல நமக்கும் நா எழவில்லை. ஆனால் முன்னோர் காலத்தில் ஊர்மக்கள் குளித்த துறையில், இன்று விடுமுறை நாளில் பேருந்து பேருந்தாக மக்கள் இறங்குகிறார்கள். ஒருவர் தலையில் தேய்த்ததை ஆறு மன்னித்துவிடும்; ஆயிரம் பேர் தேய்ப்பதைத் தாங்குமா?

பின்னர் பெருந்தொற்றுக் காலம் வந்தது, சுற்றுலாக்கள் நின்றன. அதன் பின் 2023 டிசம்பர் 17, 18 நாட்களின் பெருமழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் பெய்தது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட தொடர்வண்டி திருவைகுண்டத்தில் நீர்சூழ நின்றுவிட்டது. மாநிலத்திலேயே மழை மிகுந்த இடங்களாகிய ஊத்து, நாலுமுக்கு, மாஞ்சோலைப் பகுதிகளிலிருந்து மணிமுத்தாறும், பொதிகையிலிருந்து தாமிரபரணியும் ஒருசேரப் பெருகி வந்தன. நம் ஆலய வளாகத்தில் இடுப்பளவு நீர் நின்றது. அந்நாட்களின் துன்பத்தை நம் வாசகர்களுள் பலர் நேரில் அனுபவித்தவர்கள். அதனை இங்கே விரிக்க வேண்டியதில்லை.

நீர் வடிந்தபின் வளாகத்தில் கணுக்கால் ஆழத்துக்குச் சேறு. இளைஞர்கள் மண்வெட்டியால் வாரினார்கள். சேற்றினுள் வாழைமட்டை, கந்தல் துணி, நெகிழிப் புட்டிகள். அவற்றோடு, வெட்டிய ஒவ்வொரு கட்டியிலும் பளபளவென்று சிறு பொட்டலங்கள். கழுவிப் பார்த்தால் ஷாம்பு. அணையைத் தாண்டி வந்தவையா, வழியில் ஏதோ ஒரு படித்துறையில் சேர்ந்தவையா, எவர் அறிவார்? அவை நம்முடையவை என்று எவரும் நிரூபிக்க முடியாது. நம்முடையவை அல்ல என்று சொல்லும் துணிவும் நமக்கு வரவில்லை.

அன்று முதல் ஒரு கேள்வி நம்மை அரித்துக்கொண்டே இருந்தது. பாறைகளையே புரட்டிய வெள்ளம் அந்தச் சிற்றோடையை என்ன செய்திருக்கும்? வேர்களில் வைத்த முட்டைகளும், கல்லடியில் கிடந்த இளம் உயிர்களும் எஞ்சியிருக்குமா? நண்பருக்கு மீண்டும் எழுதினோம். வெள்ளம் மலையோடைகளுக்குப் புதிதன்று, அவ்வுயிர்கள் அதைக் கண்டு பழகியவை, பக்கத்து ஓடைகளில் தப்பியவை பறந்து வந்து மீண்டும் குடியேறும் என்று தேறுதல் எழுதினார். வெள்ளம் என்றோ ஒருநாள் வந்து போய்விடும். சோப்பு விடுமுறைதோறும் வருகிறதே என்று நாம் எண்ணிக்கொண்டோம்.

2025-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பெரிய கூட்டமாக அல்லாமல், ஒன்பது பேராக ஒரு வேனில் சென்றோம். 'பச்சை பல்ப்' கண்ட சிறுவனும் வந்தான். இப்போது அவன் பன்னிரண்டாம் வகுப்பு, நம்மைவிட ஒரு சாண் உயரம், மீசை அரும்பிவிட்டது. போகும் வழியெல்லாம் செவியில் பாட்டுக் கருவியை மாட்டிக்கொண்டு எவரோடும் பேசாமல் வந்தான். வராமலே இருந்திருக்கலாமோ என்று நாம் ஐயுறும் அளவுக்கு மௌனம். பழைய காவலர் அங்கே இல்லை, பணியிலிருந்து நின்றுவிட்டாராம். அவரிடம் ஒருமுறை நன்றி சொல்ல வேண்டும் என்றிருந்தது, கூடாமற் போயிற்று.

அருவிக்கரையில் அன்றும் கூட்டம் இருந்தது. நுரையும் இருந்தது, முன்னைவிடக் குறைவாகத் தோன்றியது. அது நம் ஆசையின் தோற்றமாகவும் இருக்கலாம். புதிய காவலர் ஒருவரின் துணையோடு சிற்றோடையைத் தேடினோம். எளிதில் அடையாளம் தெரியவில்லை. முன்பு நாம் நின்ற பாறை வேறு கோணத்தில் சாய்ந்து கிடந்தது. நாவல் மரம் நின்றது. ஆனால் ஒருபக்க வேர்கள் மண்ணரித்துக் காற்றில் தொங்கின. நடு ஓடையில் இருந்த அந்தக் கல்லைக் காணோம்.

கால்மணி நேரம் பார்த்தோம். ஒன்றுமில்லை. அரைமணி நேரம் ஆயிற்று. உடன் வந்தவர்கள் ஒவ்வொருவராக அருவிப் பக்கம் திரும்பினர். சூரியன் மேகத்துக்குள் மறைந்துவிட்டதால் பூச்சிகள் அடங்கியிருக்கும் என்று காவலர் சமாதானம் சொன்னார். நாமும் எழ நினைத்தபோது, பையன் காதிலிருந்து கருவியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டான். முழங்கால் வரை கால்சட்டையைச் சுருட்டிக்கொண்டு, ஓசையின்றி ஓடையோரமாக மேலே நடந்தான். இருபதடி சென்று, கையைப் பின்னால் நீட்டி, நம்மை நிற்கச் சொல்லிச் சைகை செய்தான்.

மேகம் விலகிற்று. அவனுக்கு எதிரே, வெள்ளம் புரட்டிப் போட்ட புதிய பாறையின் விளிம்பில் ஒரு கறுத்த குச்சி. அது எழுந்து, விரிந்து, எரிந்தது. நமக்கு அருகில் வந்து திரும்பிச் சென்றது. ஆண் பூச்சி ஒன்றே ஒன்று. மேலும் இருக்கின்றனவா என்று கண்கள் தேடியபோது, பையன் வேறெங்கோ சுட்டினான். நாவல் மரத்தின் நீருக்குள் இறங்கிய பக்கத்து வேரில், தேன்நிறச் சிறகுகளை மூடிக்கொண்டு பெண் பூச்சி அமர்ந்திருந்தது. அது பின்னோக்கி இறங்கியது. வால் நீருக்குள் போயிற்று; பிறகு உடல்; பிறகு சிறகுகளும் வெள்ளிப் படலம் போர்த்ததுபோல் மின்னிக்கொண்டு அமிழ்ந்தன. தலையும் மறைந்தது.

பையன் குந்தி அமர்ந்து, உதட்டுக்குள் எண்ணத் தொடங்கினான். நூறு ஆயிற்று. இருநூறு ஆயிற்று. தொலைவில் வேன் ஓட்டுநர் ஒலி எழுப்பினார். மாலை நான்கு மணிக்குள் சாவடியைக் கடக்க வேண்டும் என்று அவர் காலையிலேயே சொல்லியிருந்தார். நாம் அவன் தோளைத் தொட்டோம். நீரை விட்டுக் கண்ணை எடுக்காமலே, "இன்னும் மேல வரல சாமி, கொஞ்சம் பொறுங்க" என்றான்.